இ.எம். கரைசல்: பெரிய டிரம் வேண்டாம், சின்ன கேன் போதும்

வங்கியில் இருந்தபோது, புதிதாகத் தொழில் தொடங்க வருகிறவர்களிடம் "முதல்ல சின்னதா வாங்குங்க, நல்லா ஓடினா பெருசாக்கலாம்" என்று சொல்வது என் வழக்கம். ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்ததும் அந்தப் புத்தியை நானே மறந்துட்டேன்.

முதல் வருஷம் 200 லிட்டர் டிரம்மில் இ.எம். கரைசல் போட்டேன். 10 லிட்டர் தாய்க் கரைசல், 10 கிலோ வெல்லம். ஒரு வாரத்தில் புளிப்பும் இனிப்புமாக நல்ல வாசம் வந்தது. ஆனால் எனக்கு ஒரு தடவைக்குத் தேவை கொஞ்சம்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை டிரம்மைத் திறந்து, கையில் கிடைத்த சொம்பால் மொண்டேன். மூன்றாவது வாரம் சாக்கடை நாற்றம். அதில் ஒரு குடத்தைப் பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கும் கொடுத்திருந்தேன். "இயற்கை விவசாயம்னா இதானா தம்பி?" என்று கேட்டுவிட்டு அவர் யூரியாவுக்கே திரும்பிட்டார். வெல்லக் காசு போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

தப்பு எங்கே என்று புரியவைத்தவன் அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன். அங்கே வீட்டில் பீர் காய்ச்ச 1978 சட்டத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். அவன் அதை, முன்பு சோடாக் கம்பெனிகள் பயன்படுத்திய 19 லிட்டர் எஃகு பீப்பாய்களில் அடைத்து வைக்கிறான். "திறக்கத் திறக்கக் காத்து உள்ள போகும் சித்தப்பா. சின்னதா நாலு வெச்சுக்கோங்க. ஒண்ணு தீர்ற வரைக்கும் மத்தது மூடியே இருக்கும்" என்றான். நமக்குப் பீர் வேண்டாம், பாடம் போதும்.

உள்ளே நடப்பது என்ன?

ஜப்பானின் ஒகினாவாவில் பேராசிரியர் டெருவோ ஹிகா உருவாக்கிய இ.எம்.மில் லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா மூன்றும் முக்கியம். இவை காற்றில்லாத இடத்தில் வெல்லத்தைத் தின்று பெருகும். அமிலம் ஏறுவதால் அழுகல் கிருமிகள் அடங்கும். கூடவே கரியமில வாயு வரும். அதனால்தான் கேன் உப்புகிறது.

5 லிட்டர் கேனுக்கு

தாய்க் கரைசல் 250 மி.லி., வெல்லம் 250 கிராம், தண்ணீர் நாலரை லிட்டர். கிணற்று நீர் நல்லது. குழாய்த் தண்ணீர் என்றால், குளோரின் போக ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வையுங்கள். வெல்லம் கறுத்த நாட்டு வெல்லமாக இருக்கட்டும். கேனை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றி இறுக்கி மூடி, நிழலில் வையுங்கள்.

இரண்டு மூன்று நாளில் கேன் உப்பும். தினமும் ஒருமுறை மூடியை லேசாகத் தளர்த்துங்கள். 'புஸ்'ஸென்று வாயு போனதும் மூடிவிடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், வெடிக்கும். பிளாஸ்டிக்கே பாதுகாப்பு.

ஏழு முதல் பத்து நாளில் தயார். புளிப்பு கலந்த இனிய வாசம் இருக்கணும், பி.எச். தாள் இருந்தால் 4-க்குக் கீழே காட்டணும். மேலே வெள்ளை ஆடை படிந்தால் பயப்படாதீங்க, அது ஈஸ்ட். நாறினால் பயிருக்குக் கொடுக்காதீங்க. இலைத் தெளிப்புக்கு 10 லிட்டர் டேங்குக்கு 20 மி.லி. போதும்.

சொம்பு விடாமல் சாய்த்து ஊற்றுங்கள். திறந்த கேனைச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். மூடியவற்றையும் ஒரு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள். மிச்சத்திலிருந்தே மறுபடி பெருக்காமல், ஒவ்வொரு முறையும் தாய்க் கரைசலிலிருந்தே தொடங்குங்கள். ஒரு கேன் கெட்டாலும் நஷ்டம் கால் கிலோ வெல்லம்தான்.

போன ஆடியில் அந்த அண்ணனிடம் ஒரு கேன் கொண்டுபோனேன். தயங்கித் தயங்கித்தான் மோந்து பார்த்தார். "இது பழைய சோத்துத் தண்ணி மாதிரில்ல இருக்கு!" என்றார். கத்தரியில் ரெண்டு வரிசைக்கு மட்டும் அடிச்சுப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

அவரும் சின்னதாகத்தான் தொடங்குகிறார். அதுதான் சரி.