உப்புத் தண்ணியில் ஒரு வானவில்!

ஹாஸ்டல் ரூம்ல ஃபைட்டர், வீட்டு ஹால்ல கோல்டு ஃபிஷ்... இதெல்லாம் போரடிச்சு, 'கடல் மீனே வளர்த்தா என்ன?'ன்னு யோசிக்கிற ஆளா நீங்க? அப்ப 'ராஸ்' மீனைப் பார்த்தா கவுந்துடுவீங்க. மஞ்சள், பச்சை, ஊதா, ரோஸ்னு நம்ம திருப்பூர் ஷேடு கார்டுக்கே சவால் விடுற குடும்பம். மொத்தம் 500 வகைக்கு மேல! கடலே இல்லாத குண்டடத்துல இதை வளர்க்க முடியுமாங்க? முடியும். ஆனா பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

அந்த உப்பு வேற!

நம்ம போர் தண்ணியையும் 'உப்புத் தண்ணி'ன்னுதான் சொல்றோம். அதை அப்படியே தொட்டியில ஊத்தினா மீன் காலி. ஆர்.ஓ. தண்ணியில கடல் உப்புக் கலவையைக் கரைக்கணும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 250 லிட்டர் தொட்டின்னா ஒன்பது கிலோ கிட்ட! சமையல் உப்பு கூடவே கூடாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் வேணும். வெயிலுக்குத் தண்ணி வத்தினா வெறும் ஆர்.ஓ. தண்ணிதான் சேர்க்கணும். ஏன்னா ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். சாயப்பட்டறையும் டி.டி.எஸ். மீட்டரும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது ஜுஜுபி!

மீன் விடுறதுக்கு முன்னாடி நாலு முதல் ஆறு வாரம் தொட்டியைச் சும்மா ஓட விடுங்க. கழிவுல வர்ற அமோனியாவை மாத்துற பாக்டீரியா அப்பதான் வளரும். வெப்பநிலை 25, 26 டிகிரி. நம்ம ஏப்ரல் வெயிலுக்குச் சில்லரும், கரன்ட் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்பும் கட்டாயம்.

மணல்தான் மெத்தை

நிறைய ராஸ் வகைகள் ராத்திரியானா மணலுக்குள்ள புதைஞ்சு தூங்கும். அதனால அடியில ரெண்டு, மூணு இஞ்ச் மெல்லிய மணல் போடுங்க. பயந்தா துள்ளி வெளியே விழும். மேலே வலை மூடி அவசியம். இன்னொரு ஆச்சரியம்... பல வகைகளில் ஆண் மீன் செத்துட்டா, பெரிய பெண் மீன் ஆணா மாறிடும். சில சமயம் கலரும் சேர்ந்து மாறும்!

டாக்டரைக் கடத்தாதீங்க!

கடைக்காரர் நீலக்கோடு போட்ட 'கிளீனர் ராஸ்' காட்டினா வேண்டாம்னு சொல்லுங்க. மத்த மீன்கள் மேல இருக்கிற ஒட்டுண்ணிதான் இதுக்குச் சாப்பாடு. வீட்டுத் தொட்டியில நாலே நாலு பேஷன்ட். பெரும்பாலும் பட்டினியில செத்துடும். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் சில பாறைகளில் இருந்து இந்த மீனை எட்டு வருஷத்துக்கு மேல அப்புறப்படுத்திப் பார்த்தாங்க. அங்கே மத்த மீன்களும் குறைஞ்சு போச்சு. 2019-ல் ஜப்பானின் ஒசாகா விஞ்ஞானிகள் இதுக்குக் கண்ணாடி காட்டினாங்க. தன் தொண்டையில வெச்ச புள்ளியைப் பார்த்துட்டு, மணலில் உரசித் துடைக்கப் பார்த்துச்சாம்!

பேருக்கு முன்னாடி விலை

2022-ல் மாலத்தீவு ஆய்வாளர் அகமது நஜீப் இடம்பெற்ற ஒரு குழு ஒரு ரோஸ் கலர் ராஸுக்கு அறிவியல் பெயர் வெச்சாங்க. அதுக்கு முன்னாடியே அந்த மீன் அக்வேரியம் மார்க்கெட்ல வித்துட்டு இருந்துச்சு. எவ்வளவு இருக்குன்னு கணக்கெடுக்கும் முன்னாடியே வியாபாரம்! விற்பனைக்கு வர்ற ராஸ்களில் பெரும்பகுதி கடல்ல பிடிச்சதுதான்.

இன்னொரு எச்சரிக்கை: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்து கடல் தேசியப் பூங்கா. அங்கே 2010, 2016-ல் பவளங்கள் சூட்டில் வெளிறிப் போச்சு. நம்ம கடல் பவளம், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல புலி, யானை இருக்கிற அதே முதல் அட்டவணையில இருக்கு. எடுத்தா, வித்தா, வாங்கினா கேஸ்! தொட்டிக்குச் செராமிக் பாறையே போதும்.

ஸோ, முதல்ல கோமாளி மீன்ல ஆரம்பிங்க. நம்ம மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வெச்சிருக்கு. ஒரு கோடையை அது தாண்டட்டும். அப்புறம் ராஸ் வாங்கப் போனா, கடைக்காரர்கிட்ட விலைக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "அண்ணா, இது எந்தக் கடல்ல பிடிச்சதுங்க?" பதில் வரலைன்னா, பர்ஸை மூடிட்டு வந்துடுங்க!