ஐ.பி.ஏ. வந்தாச்சு, படிச்சாச்சா?

சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கு ஆள் போகும் வீடுகளில் "ஐ.பி.ஏ. வந்துடுச்சு" என்றதுமே ஏஜென்ட்டுக்கு மீதிப் பணம் புரட்டக் கிளம்பிவிடுவார்கள். அந்தக் கடிதத்தைப் படிப்பவர்கள் குறைவு. இத்தனைக்கும் அதைத் தொழிலாளியின் தாய்மொழியிலேயே, அவர் கிளம்பும் முன் அனுப்ப வேண்டும் என்பது அந்நாட்டு மனிதவள அமைச்சின் விதி. தமிழிலும் உண்டு.

ஐ.பி.ஏ. என்பது கொள்கையளவிலான ஒப்புதல், அவ்வளவுதான். அதை வைத்து உள்ளே நுழையலாம். அங்கே மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒர்க் பர்மிட்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையை வைத்து நாளைக்கு ஒன்றும் கேட்க முடியாது. சம்பளம் குறைந்தால் புகாருக்குக் கைகொடுப்பது இந்தத் தாள்தான். முதலாளி பெயரையும் பாருங்க. பர்மிட் அவரோடு கட்டப்பட்டது, வேறிடத்தில் வேலை பார்த்தால் சட்டவிரோதம். மாதாமாத லெவியும், மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளி பிணைத்தொகையும் முதலாளி பொறுப்பு. "லெவிக்குன்னு சம்பளத்துல பிடிப்பாங்க" என்று ஊரிலேயே சொல்லி அனுப்புவது சுத்தப் பித்தலாட்டம்.

கடிதம் அசலா என்பதைப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே அமைச்சின் இணையதளத்தில் சரிபார்த்துவிடலாம்.