கோழித்தீனியில் மணிலாப் பிண்ணாக்கும் தவிடும்

கடலூர் ஜில்லாவில் கோழி வளர்க்கும் குடியானவர்கள் தீனிக்காக வெளியூரை முழுவதும் நம்பியிருக்க வேண்டியதில்லை. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் நிலங்களில் மணிலாக்கொட்டை விளைகிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் தாலுகாக்களில் வீராணம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. முன்னதன் எண்ணெயை எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கும், பின்னதை அரைக்கையில் கழியும் தவிடும் கோழிகளுக்கு மிகச் சிறந்த ஆகாரங்களாம். எனினும், இவ்விரண்டையும் பக்குவமறிந்து கொடாவிடில் நன்மைக்குப் பதில் பெருந்தீங்கு விளையும்.

தவிட்டின் அருமையை உலகத்தார் அறிந்ததே கோழிகளைக் கொண்டுதான். 1890-களில் ஜாவா தீவின் பட்டேவியா நகரில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர் ஆராய்ச்சிக்காக வளர்த்த கோழிகள் கால் முடங்கி விழுந்தன. இராணுவ ஆஸ்பத்திரியின் சமையற்கட்டில் மீந்த தீட்டிய அரிசிச் சோறே அவற்றுக்குத் தீனியாயிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிடவே, தீட்டாத அரிசி போடப்பட்டது. கோழிகளும் எழுந்து நடமாடின. தீட்டும்போது கழியும் தவிட்டில் தயமின் என்னும் பி1 வைட்டமின் இருப்பது பின்னர்த் தெளிவாயிற்று. எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தவிட்டில் நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு புரதமும், ஏறக்குறைய 15 பங்கு எண்ணெயும் உண்டு. அந்த எண்ணெயே அதன் குறையுமாகும். அரைத்த சில நாட்களுக்குள் அது சிக்கு வாடையடிக்கத் தொடங்கும்; கோழிகள் அதை விரும்பா. ஆதலால் பச்சைத் தவிட்டை வாரத்துக்கு வேண்டிய அளவே வாங்குதல் நலம். எண்ணெய் பிரித்த தவிடு நீண்ட நாள் தாங்கும். ஆயின் அதில் எரிசத்துக் குறைவு. உமி கலந்த தவிட்டை விலை மலிவென்று வாங்குவோர் உமிக்கே பணம் கொடுக்கின்றனர்.

மணிலாப் பிண்ணாக்கில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் புரதம் இருப்பினும், மெதியோனின், லைசின் என்னும் இரு சத்துக்கள் அதில் போதாமலிருக்கின்றன. எள்ளுப் பிண்ணாக்கு மெதியோனினையும், மீன்தூள் இரண்டையும் ஈடுசெய்யும். ஆதலால் மணிலாப் பிண்ணாக்கைத் தனியே நம்புதல் தகாது.

இதனினும் முக்கியமானது பூஞ்சக்காளான் விஷயம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென மாண்டன. காரணம் புரியாமல் வைத்தியர்கள் திகைத்தனர். ஆராய்ந்ததில், பிரேசில் தேசத்திலிருந்து வந்த மணிலாப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணமென்று தெரிந்தது. அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். அது ஈரலைக் கெடுக்கும். வாத்துக் குஞ்சுகளும் வான்கோழிக் குஞ்சுகளும் அதற்கு எளிதில் இரையாகும். கோழிகள் சற்றே தாங்கும்.

சற்றே தாங்குவதனாலேயே நம்மவர் ஏமாறுகின்றனர். கோழி உடனே சாவதில்லை. தீனி தின்பது குறைந்து, முட்டை குறைந்து, குஞ்சுகள் வளராமல் நிற்கும். நோயை எதிர்க்கும் சக்தியும் குன்றுமாதலால், வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து போட்டிருந்தும் அந்நோய் புகுந்துவிடக் கூடும். உடையவர் தடுப்பு மருந்தைப் பழிப்பார். தீனி மூட்டையை ஐயுறமாட்டார். தடுப்பு மருந்து பயன்படவில்லை என்று புகார் வருமிடத்து, தீனி வைத்திருக்கும் இடத்தையும் ஒருமுறை பார்த்துவருமாறு கிராம அதிகாரிகள் சொல்வது பெரிதும் உதவும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை இக்கரையோரத்தில் ஈரம் மிகுதி. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கருகே கரையேறிய தானே புயல் போன்றவை வந்தாலோ கேட்க வேண்டியதில்லை. பூஞ்சணம் பிண்ணாக்கில்தான் பிடிக்குமென்பதில்லை. களத்தில் சரியாகக் காயாத காயிலேயே தொடங்கிவிடும். ஆகவே பறித்த காயை, குலுக்கினால் பருப்பு உள்ளே சலசலக்குமளவு உலர்த்த வேண்டும். உடைந்த, சுருங்கிய, முளைவிட்ட பருப்பை நீக்கிவிட்டுச் செக்குக்கு அனுப்புக. பிண்ணாக்கு மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்திய பலகைமேல் அடுக்குக. கடலூர்–சிதம்பரம் சாலையிலுள்ள சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த கிராமத்தார் மற்றொன்றும் கவனிக்க வேண்டும்: இரசாயனச் சரக்கு வந்த காலிச் சாக்கும் பீப்பாயும் மலிவாகக் கிடைப்பினும், அவற்றில் தீனி வைத்தல் ஆகாது.

பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை வேகவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. கொதிநீரின் சூட்டுக்கு அந்நஞ்சு அழியாது. நல்ல பிண்ணாக்குடன் கலந்து தீர்த்துவிடுவோம் என்பதும் தவறு. கோழிக்காகாததைக் கறவை மாட்டுக்கு வைப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. நஞ்சு பாலில் இறங்கி வீட்டுக் குழந்தைக்கே வந்து சேரும். கெட்டதை வயலுக்கு எருவாக இட்டுவிடலாம்.

முட்டையிடும் கோழிகளுக்கு 100 கிலோ தீனி தயாரிக்க, கம்பு, மக்காச்சோளம் அல்லது நொய் 45 கிலோவும், தவிடு 20 கிலோவும், மணிலாப் பிண்ணாக்கு 12 கிலோவும், எள்ளுப் பிண்ணாக்கு 6 கிலோவும், உப்பிடாத மீன்தூள் 8 கிலோவும், கிளிஞ்சல் தூள் 7 கிலோவும், தாது உப்புக் கலவை 2 கிலோவும் சேர்க்கலாம். இதில் நூற்றுக்குச் சுமார் 17 பங்கு புரதம் அமையும். சிறு குஞ்சுகளுக்கு இவ்வளவு கிளிஞ்சல் ஆகாது. இத்துடன் நாள்தோறும் முருங்கைக் கீரை சிறிது போட்டால் மஞ்சட்கரு நல்ல நிறம் பெறும்.

பிண்ணாக்கு கண்ணுக்குச் சுத்தமாயிருப்பினும் நஞ்சில்லையென்று நிச்சயிக்க இயலாது. ஐயமுள்ளவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீனிப் பரிசோதனைச் சாலைக்கு மாதிரி அனுப்பலாம். பூஞ்சணம் மூட்டை முழுதும் ஒரே சீராகப் பரவுவதில்லையாதலால், மேலே ஒரு கைப்பிடி அள்ளி அனுப்புவதில் பயனில்லை. பல மூட்டைகளின் மேல், நடு, அடி மூன்றிடங்களிலிருந்தும் எடுத்து, ஒன்றாக இடித்துக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ உலர்ந்த காகிதப் பையிலிட்டு அனுப்ப வேண்டும்.