ஊர் ஊராய் ஒரு டிஃபென்டர்



கோல் போட்டவர் பெயர் பேப்பரில் வரும். கோல் விழாமல் தடுத்தவர் பெயர் வருவது அபூர்வம். அந்த டிஃபென்டர் எப்படிப் பிழைக்கிறார்? நம்ம நாமக்கல்லில் பிறந்த ஒருவரை வைத்தே பார்ப்போம்.

அவர் நல்லப்பன் மோகன்ராஜ். 1989-ல் பிறந்தவர். ஆடிய இடம் லெஃப்ட் பேக். கொல்கத்தாவில் மோகன் பகான், கோவாவில் ஸ்போர்ட்டிங் என்று ஊர் ஊராய் ஆடியவர். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பித்தபோது அட்லெடிகோ டி கொல்கத்தா அணியில் இருந்தார். அந்த டிசம்பர் 20-ம் தேதி ஃபைனலில் அவர்கள் கேரளா பிளாஸ்டர்ஸை 1-0 என்று ஜெயித்து முதல் சாம்பியன் ஆனார்கள். இஞ்சுரி டைமில் தலையால் முட்டி கோல் போட்ட முகமது ரஃபீக்கைத்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதுவரை எதிரணியை ஒரு கோல்கூட போடவிடாமல் வைத்திருந்தது யார்? பின்வரிசைக்காரர்கள்தானே!

லெஃப்ட் பேக் என்பவர் எதிரணியின் வேகமான விங்கரை ஓரத்திலேயே மடக்க வேண்டும். நம்ம ஆட்டக்காரர் முன்னே போனால் கூடவே ஓட வேண்டும். பந்து பறிபோனால் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். நாலு டிஃபென்டர்களும் ஒரே கோட்டில் நின்றால்தான் ஆஃப்சைடு கிடைக்கும். ஒருவர் ஒரு அடி பின்தங்கினாலும் போச்சு!

வேலை இவ்வளவு கஷ்டம். உத்தரவாதம் உண்டா? அந்தக் காலத்தில் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். போன்ற அணிகளில் சேர்ந்தால் ஆட்டத்தோடு நிரந்தர வேலையும் கிடைக்கும். கிளப் ஆட்டம் அப்படியில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஒப்பந்தம்தான். முதல் சூப்பர் லீக் நடந்ததே இரண்டு மாசத்துக்குச் சற்று அதிகம். அப்போது மீதி மாசங்களுக்கு ஐ-லீக் கிளப் வேண்டியிருந்தது. நாமக்கல் லாரி மாதிரி, லோடு கிடைக்கிற ஊருக்குப் போக வேண்டியதுதான்.

கிளப்பே மறைந்துபோவதும் உண்டு. 1996-97-ல் முதல் தேசிய லீக்கை ஜெயித்த ஜே.சி.டி. 2011-ல் கலைக்கப்பட்டது. 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன் ஆனது. அன்று இரண்டு கோல் போட்டவர் கௌரவ் போரா என்ற டிஃபென்டர்! ஆனால் 2020-21-க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் ஆடவில்லை.

இதை ஏன் நம்ம மலரில் எழுதுகிறேன்? டிப்ளமோ முடித்தால் நமக்கும் முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வருஷ அப்ரண்டிஸ்தான். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். "பர்மனென்ட் பண்ணுவாங்களா?" என்றுதான் வீட்டில் கேட்கிறார்கள். நிச்சயமாகச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. கிளப் மூடினாலும் லெஃப்ட் பேக் ஆடத் தெரிந்தவரை இன்னொரு கிளப் தேடும். லேத், வெல்டிங், வயரிங் எதுவானாலும் கைத்தொழில் சுத்தமாக இருந்தால் நம்மையும் தேடுவார்கள். கூடவே, சம்பளம் வருகிற மாசத்திலேயே வராத மாசத்துக்கும் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்த முறை மைதானத்துக்குப் போனால் பந்தை மட்டும் பார்க்காதீர்கள். பின்னால் நிற்கிற நாலு பேரையும் கொஞ்சம் பாருங்கள், நண்பர்களே!