அதிக சுத்தம் மீனுக்கு ஆபத்து!

எருமப்பட்டி,

"நேத்துதானுங்க தொட்டியைப் பளிச்சுனு கழுவுனோம். இன்னைக்கு மீனெல்லாம் செத்து மிதக்குதே!"

தோட்டத்துக் குளத்தில் மீன் வளர்ப்போர் பலருடைய புலம்பல் இது. காரணம்? அதிக சுத்தம்தான்!

மீன் கழிவில் அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. வடிகட்டிப் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சை அலசினால் அவை கூண்டோடு காலி!

என்ன செய்யலாம்?

முதலில் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்துங்கள். குளத்துத் தண்ணீரையே வாளியில் எடுத்துப் பஞ்சை லேசாகப் பிழியுங்கள். கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்து ஊற்றுங்கள்.

கோடையில் கூடுதல் கவனம் தேவை. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. வேலை முடிந்ததும் மோட்டாரைப் போட மறந்தால், மீனை மறக்க வேண்டியதுதான்!