நாய் கடித்ததைப் பிள்ளை ஏன் சொல்லவில்லை?

எமது கிராமங்களில் நாயோ பூனையோ நாலு கோழியோ இல்லாத வீட்டைக் காண்பது அரிது. 2010ஆம் ஆண்டளவில் வன்னியில் மீளக் குடியேறிய குடும்பங்கள் தறப்பாள் கொட்டில்களில் இருந்த காலத்திலேயே வாசலில் ஒரு நாய் வந்து படுத்துக்கொண்டது. அதை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. மிஞ்சிய சோற்றைப் போட்டார்கள், அது நின்றுவிட்டது. அந்த நாய்களின் பேரக்குட்டிகளோடுதான் இன்று எங்கள் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

இந்த உறவு பிள்ளைகளுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தாய் தனியாக உழைக்கும் வீட்டில், அவர் தோட்ட வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போய்த் திரும்பும் வரை பிள்ளைக்குத் துணை பெரும்பாலும் அந்த நாய்தான். ஆனால் பிராணிகளோடு எப்படிப் பழகுவது, அவற்றை எப்படிப் பராமரிப்பது என்று நாங்கள் சொல்லிக் கொடுப்பது மிகவும் குறைவு. "கிட்டப் போகாத, கடிக்கும்" என்பதோடு எங்கள் பாடம் முடிந்துவிடுகிறது.

இதை எழுதத் தூண்டியது கிளிநொச்சி மாவட்டத்தில் நான் பணிசெய்யும் கிராமமொன்றில் நடந்த சம்பவமாகும். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கெண்டைக்காலில் குட்டிநாய் கடித்துவிட்டது. அவன் பாடசாலைக் காலுறையை மேலே இழுத்து மறைத்துக்கொண்டு பதினொரு நாட்கள் இருந்திருக்கிறான். அக்காவோடு சண்டை வந்தபோது அவள் கோபத்தில் சொல்லிக் கொடுத்ததால்தான் தாய்க்குத் தெரியவந்தது. அதற்குள் அந்தக் குட்டியைக் காணவில்லை. தாய் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். வைத்தியசாலையில் உடனேயே தடுப்பூசியை ஆரம்பித்தார்கள். பிள்ளை இன்று நலமாக இருக்கிறான்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு ஆறுதலாக அவனிடம் கேட்டேன். மூன்று காரணங்களைச் சொன்னான். அம்மா அடிப்பா. தொப்புளைச் சுற்றி ஊசி போடுவினம். ரைகரைக் கொண்டுபோய்ச் சந்தையடியில் விட்டிடுவா. மூன்றாவதைச் சொல்லும்போதுதான் அவன் அழுதான்.

இந்த மூன்று பயங்களையும் நாங்கள்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். ஆகவே அவற்றை நீக்குவதும் எங்கள் கையில்தான் இருக்கிறது. முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

விசர்நாய்க்கடி நோய், நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் இருக்கும் வைரசினால் வருகிறது. கடித்த இடத்தால் உட்புகுந்து, நரம்பு வழியாக மெதுவாக மூளைக்குச் செல்கிறது. அறிகுறிகள் தோன்றப் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதங்கள் எடுக்கும். சிலருக்கு ஒரு வாரத்திலும் தோன்றலாம், சிலருக்கு ஒரு வருடமும் செல்லலாம். தண்ணீரைக் கண்டு பயப்படும் நிலை வந்த பின்னர் ஏறக்குறைய எவரையுமே காப்பாற்ற முடிவதில்லை. அதற்கு முன்னர் தடுப்பூசி போட்டால் நோய் வராமல் தடுக்கலாம். நாய் மட்டுமல்ல, பூனை, கீரி, மாடு ஆகியவற்றினாலும் இந்நோய் பரவும். கடிதான் வேண்டுமென்றில்லை. நகக்கீறலும், புண்ணிருக்கும் இடத்தில் நக்குவதும் போதும்.

1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்த நோயினால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலை நாடெங்கும் நடந்ததாலும், கடிபட்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி கிடைப்பதாலும் அண்மைய வருடங்களில் அந்த எண்ணிக்கை இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. குறைந்திருக்கிறதே தவிர இல்லாமற் போகவில்லை.

பிராணி கடித்தால் செய்யவேண்டிய முதல் வேலை காயத்தைக் கழுவுவது. சவர்க்காரம் போட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். இரண்டு வாளித் தண்ணீர் அல்ல, ஆறு, ஏழு வாளி அள்ள வேண்டிவரும். இரத்தத்தைப் பார்த்தவுடன் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் என்று அப்புவதைத் தயவுசெய்து கைவிடுங்கள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அதன்பின் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஊசி இப்போது கையில்தான் போடப்படுகிறது. தொப்புளைச் சுற்றிப் போட்டது எங்கள் அம்மம்மாமாரின் காலத்துக் கதை. காயம் பெரிதாகவோ, முகத்திலோ தலையிலோ இருந்தால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் ஏற்றுவார்கள். அட்டையில் குறித்துத் தரும் திகதிகளில் ஒன்றையும் தவறவிடாதீர்கள். பஸ் காசுக்கும் ஒருநாள் கூலிக்கும் பயந்து கடைசி ஊசியை விட்டுவிடும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். கடித்து நாட்கள் கடந்துவிட்டாலும் "இனிப் போய் என்ன" என்று இருந்துவிட வேண்டாம், பிந்திப் போனாலும் ஊசி போடுவார்கள்.

கடித்தது வீட்டு நாய் என்றால் அதை அடித்துக் கொல்லக்கூடாது. கட்டி வைத்துச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்துப் 14 நாட்கள் கவனிக்க வேண்டும். அந்த நாட்களில் நாய்க்கு வருத்தம் வருகிறதா என்பது வைத்தியருக்கு மிகவும் தேவையான தகவல். இதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். "நீ சொன்னால் நாயைக் கொல்லமாட்டம், கட்டி வைச்சுப் பார்ப்பம்" என்று தெரிந்த பிள்ளை ஒளிக்காது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கமே 2006இல் நிறுத்திவிட்டது. ஆனால் நாய் பிடிக்கிற வாகனக் கதை இன்றும் பிள்ளைகளைப் பயமுறுத்தும் கதையாக வீடுகளில் உலாவுகிறது.

அந்தச் சிறுவனின் தாயிடம் நான் கேட்டது வேறொரு கேள்வி. நாய் வேண்டாம் என்று ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருந்தீர்கள்?

"2009இல வெளிக்கிடேக்க எங்கட நாயைக் கட்டவிழ்த்து விட்டிட்டு வந்தனாங்கள் மிஸ். அது லாண்ட்மாஸ்ரருக்குப் பின்னால ஓடி வந்தது. எவ்வளவு தூரம் எண்டு தெரியாது, நான் திரும்பிப் பார்க்கேல்லை. அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் வளர்க்க மனமில்லை."

இதை அவர் பிள்ளைக்குச் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைக்குத் தெரிந்தது அம்மாவுக்கு நாய் பிடிக்காது என்பது மட்டும்தான். எங்களில் பலர் மாட்டை அவிழ்த்துவிட்டு, கோழிக் கூட்டைத் திறந்துவிட்டு வந்தவர்கள். அந்தக் கதையைப் பிள்ளையின் வயதுக்கேற்றபடி சொல்வதில் தவறில்லை என்பது என் எண்ணம். அந்தத் தாய் சொன்னார். அதன்பின் மகன் அந்தப் பழைய நாயின் பெயரைக் கேட்டானாம்.

சரி, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? எமது சிறுவர் கழகத்தில் நாங்கள் இதை விளையாட்டாகவே செய்கிறோம். ஒரு பிள்ளை நாயாக நடிக்கும். சாப்பிடுகிற நாய், நித்திரை கொள்கிற நாய், குட்டி போட்ட நாய், கட்டியிருக்கிற நாய். இந்த நால்வரிடமும் போகக்கூடாது. வால் ஆட்டுகிற நாயெல்லாம் சந்தோஷமாக இருப்பதாக நினைக்கக்கூடாது, உடம்பு விறைத்து வாலை உயர்த்தி ஆட்டினால் அது வேறு அர்த்தம். தெரியாத நாய் துரத்தினால் ஓடாமல் பனைமரம் போல நிற்கவேண்டும், கையை உடம்போடு ஒட்டி நிலத்தைப் பார்க்கவேண்டும். விழுந்துவிட்டால் தேங்காய் போலச் சுருண்டு, கைகளால் காதையும் கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். பனையும் தேங்காயும் விளையாட்டுக்குப் பிள்ளைகள் அடித்துப் பிடித்து வருகிறார்கள். சின்னஞ்சிறுசுகளுக்கு இதெல்லாம் போதாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை எவ்வளவு சாதுவான நாயோடும் தனியே விடக்கூடாது. அந்த உயரத்தில் நாயின் வாய் பிள்ளையின் முகத்துக்கு நேரே இருக்கிறது.

இனி ஆடு, மாடு. நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது குடும்பம் என்ற பாடத்தில் ஆடு வரவில்லை. இங்கே வந்துதான் அது குடும்பத்தின் ஓர் அங்கம் என்று கண்டேன். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த மறியாட்டைப் பார்ப்பது அநேகமான வீடுகளில் பிள்ளைகளின் பொறுப்பு. குழை முறித்துப் போடுவதும் தண்ணீர் வைப்பதும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை செய்யக்கூடிய வேலைகள்தான். ஆனால் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொண்டு மாட்டைப் பிடிக்கப் பிள்ளையை விடாதீர்கள். மாடு வெருண்டு ஓடினால் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போகும். கன்று போட்ட மாட்டிடம் பெரியவர்களே போகவேண்டும். வெயிலில் கட்டிய ஆட்டை மத்தியானம் நிழலுக்கு மாற்றுவது யார் என்பதைக் காலையிலேயே பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டால், பின்னேரம் ஒருவரையொருவர் கைகாட்டும் கதை இல்லை.

ஆடு கயிறறுத்துப் போனால் பின்னால் ஓடுவது பிள்ளையின் இயல்பு. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னமும் முழுமையாக முடிவடையவில்லை. மண்டையோட்டுப் பலகை நட்ட காணிக்குள் ஆடு போனால் போனதுதான், பிள்ளை வெளியில் நின்று பெரியவர்களைக் கூப்பிடவேண்டும். பெரியவர்களும் உள்ளே போகக்கூடாது. ஆட்டை நீங்கள் பேசமாட்டீர்கள் என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். "ஆடில்லாமல் வீட்டுக்கு வராத" என்று கோபத்தில் சொல்லும் சொல் எங்கள் பிரதேசத்தில் மிகவும் ஆபத்தான சொல்.

கிடாயை விற்கும் நாளும் ஒரு பிரச்சினைதான். பாடசாலைச் சப்பாத்துக்கும் கொப்பிக்கும் காசு வேண்டும், விற்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளை பாடசாலைக்குப் போன நேரத்தில் வியாபாரியைக் கூப்பிட்டு ஏற்றிவிடுவதை நான் விரும்புவதில்லை. திரும்பி வரும்போது வெறுங் கட்டையைக் காணும் பிள்ளை அடுத்த குட்டியிடம் அன்பு வைக்காது, அல்லது உங்களை நம்பாது. எனக்குத் தெரிந்த ஒரு தாய் இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார். மறிக்குட்டிகளுக்குப் பிள்ளைகள் பெயர் வைக்கலாம். கிடாய்க்குட்டிக்குப் பெயர் கிடையாது. பிறந்த அன்றைக்கே "இது விற்கிறதுக்கு" என்று சொல்லிவிடுவார். விற்ற காசில் என்ன வாங்கினோம் என்பதையும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்வார். அவருடைய கடைசி மகள் ஒரு கிடாய்க்கு இரகசியமாகப் பெயர் வைத்திருக்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

சில பிள்ளைகள் பிராணிகளைத் துன்புறுத்துகிறார்கள். நாயின் வாலில் ரின் கட்டுவது, ஓணானுக்குக் கல்லெறிவது போன்றவற்றைக் கண்டித்துத் திருத்தலாம். ஆனால் ஒரு பிள்ளை தனியாக, ஒளித்து, திரும்பத் திரும்ப ஒரு பிராணியை வதைக்கிறது என்றால் அடிப்பதால் பயனில்லை. அந்தப் பிள்ளையை வீட்டிலோ வெளியிலோ யாராவது வதைக்கிறார்களா என்று பாருங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் இதைப் பேசலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாதர் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி வரும். "குட்டியளை என்ன செய்யிறது தங்கச்சி? ஆறு போட்டிருக்கு, நாலு பெட்டை." பெட்டைக் குட்டிகளை உரப்பையில் கட்டிச் சந்தையடியிலோ கோயிலடியிலோ விட்டுவருவதை எல்லோரும் செய்கிறோம், பிள்ளைகளையே கொண்டுபோய் விடச் சொல்லியும் அனுப்புகிறோம். ரைகரும் அப்படி விடப்பட்ட குட்டியாகத்தான் இருக்க வேண்டும். தாய்நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால் இந்தக் கேள்வியே வராது. கருத்தடை முகாம் எப்போது நடக்கும் என்று கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேளுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி வருடந்தோறும் இலவசமாகப் போடப்படுகிறது, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும் போடலாம். போட்டதற்கான அட்டையைப் பிள்ளையின் கிளினிக் அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள், தேடும்போது அகப்படும். ஊசி போடும் நாளன்று நாயைப் பிடிக்கப் பெரியவர் ஒருவர் வீட்டில் நிற்கவேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் முதல்நாளே பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கலாம். சென்ற முறை எங்கள் கிராமத்தில் ஒரு அம்மம்மா ஆறு வீட்டு நாய்களைத் தன் முற்றத்து வேப்பமரத்தைச் சுற்றிக் கட்டி வைத்து, ஊசி போட வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார்.