38 மேட்ச் சீசனை கோச்கள் ஏன் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள்?

2015 மார்ச் 21. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் லெஸ்டர் சிட்டி 29 மேட்ச் ஆடி முடித்திருந்தது. கையில் 19 புள்ளிகள். 20 அணிகளில் கடைசி இடம். மிச்சம் 9 மேட்ச்தான். கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்படும். டிவி பணம் குறையும், நல்ல வீரர்களை விற்க வேண்டிவரும்.

அந்த அணிக்கு நீங்கள்தான் கோச் என்று வைத்துக்கொள்வோம். டிரெஸ்ஸிங் ரூமில் என்ன சொல்வீர்கள்?

புள்ளிப் பட்டியலைக் காட்டினால் அங்கேயே கதை முடிந்தது. பட்டியல் ஆகஸ்ட் முதல் செய்த எல்லாத் தப்பையும் கூட்டி வைத்திருக்கும், எதையும் மறக்காது. அதனால்தான் பல கோச்கள் சீசனை ஐந்து, ஆறு மேட்ச் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக ஒரு புள்ளி இலக்கு வைக்கிறார்கள். ஒரு துண்டு சொதப்பினாலும் அடுத்தது பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் வீரர்கள் தேசிய அணிக்காக ஆடப் போகும் இடைவெளிகள் வேறு இதற்கு வசதி. காலண்டரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

லெஸ்டரின் அந்த சீசனையே வெட்டிப் பாருங்கள். முதல் 5 மேட்ச்சில் 8 புள்ளிகள். அடுத்த 13-ல் வெறும் 2. அதற்கடுத்த 11-ல் 9. மார்ச் இடைவெளி முடிந்து வந்த கடைசி 9-ல் 22! மொத்தம் 41, பட்டியலில் 14-வது இடம். 18-வதாக முடித்து கீழே போன ஹல் சிட்டிக்கு 35. சராசரி பார்த்தால் மேட்ச்சுக்கு ஒரு புள்ளி சொச்சம், சுமாரான அணி. துண்டாகப் பார்த்தால் நான்கு வெவ்வேறு அணிகள் ஆடிய மாதிரி இருக்கும். துண்டு போட்டதால்தான் தப்பித்தார்கள் என்று இந்த எண்கள் நிரூபிக்கவில்லை. ஆனால் 29 மேட்ச் சராசரியை வைத்து மீதி ஒன்பதைக் கணிப்பது எவ்வளவு தப்பாகப் போகலாம் என்று காட்டுகின்றன.

சின்ன இலக்கு மனதுக்கு என்ன செய்கிறது? உளவியலாளர்கள் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. கணக்கில் பின்தங்கிய குழந்தைகளுக்கு 7 அமர்வுகளில் 42 பக்கங்கள். ஒரு குழுவிடம், ‘ஒரு அமர்வுக்கு 6 பக்கம் முடியுங்கள்’ என்றார்கள். இன்னொரு குழுவிடம், ‘கடைசிக்குள் 42 முடியுங்கள்’. வேலை ஒன்றேதான். ஆனால் முதல் குழுவே அதிகம் கற்றது, நம்மால் முடியும் என்ற நம்பிக்கையும் அதற்கே அதிகம். 42 பக்க இலக்கு, இலக்கே இல்லாததைவிடப் பெரிதாக உதவவில்லை. ஆபீஸில் வருட டார்கெட்டைப் பார்த்து ஏப்ரலில் யாருக்கும் பதற்றம் வருவதில்லையே, அதே கதைதான்.

இதில் ஆபத்தும் உண்டு. ஆறு மேட்ச் என்பது ரொம்பச் சின்ன சாம்பிள். அந்த ஆறில் நான்கு டாப் அணிகள் வந்துவிட்டால் 5 புள்ளி எடுத்ததே பெரிய விஷயம். இதே 5, கடைசி இட அணிகளோடு ஆடி வந்தால் தலைவலி. அதனால் இலக்கை எதிரணியைப் பார்த்து வைக்க வேண்டும்: சொந்த மைதானத்தில் பலவீனமான அணி என்றால் 3, சாம்பியனின் ஊரில் ஆடினால் 0 என்று. இந்தக் கணக்கைப் போடாமல், நாலு தோல்வியைப் பார்த்ததும் கோச்சை வீட்டுக்கு அனுப்பும் நிர்வாகங்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

அடுத்த சீசனில் லெஸ்டருக்கு புது கோச்சாக வந்தவர் கிளாடியோ ரானியேரி. பட்டியலில் மேலே ஏறிய பிறகும் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன இலக்கு 40 புள்ளிதான், கீழே போகாமல் இருக்க அது போதும் என்று. ஜனவரி தொடக்கத்தில், 20-வது மேட்ச்சிலேயே அந்த 40 வந்துவிட்டது. மே மாதம் 81 புள்ளிகளோடு லெஸ்டர் சாம்பியன்.